தொடையில் அரை மில்லி

கார் நிக்கோபாருக்கு மாற்றலாகி வரும் செவிலியர்கள் வார்டைப் பழகுவதற்கு முன் கப்பல் வரும் நாட்களை மனப்பாடம் செய்துவிடுவார்கள். போர்ட் பிளேர், இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரம், வடக்கே ஏறக்குறைய 270 கிலோமீட்டர். கப்பலில் ஓர் இரவு போய்விடும். ஹெலிகாப்டருக்குப் பகல் வெளிச்சமும் தெளிந்த வானமும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரண்டையும் நம்ப முடியாது. அதனால் இங்கே ‘மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறோம்’ என்றால் பல சமயம் நாளைக்கு அனுப்புகிறோம் என்றுதான் பொருள். முந்திரி தின்று தொண்டை அடைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு அந்த ‘நாளைக்கு’ உதவாது. இங்கிலாந்தில் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர் 2000-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். உணவால் தாக்குண்டவர்களுக்கு மூச்சோ இதயமோ நின்றுபோகும்வரை கிடைத்த அவகாசம், நடுமதிப்பாக 30 நிமிடம். குளவி, தேனீ கொட்டியவர்களுக்கு 15. ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 5.

அந்த அரைமணி நேரத்தில் நோயாளியின் வீட்டார் என்ன செய்கிறார்கள், ஊரில் இருக்கும் துணைச் செவிலியான ஏ.என்.எம். என்ன செய்கிறாள், வாசலில் ஜீப் நின்றதும் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைத்தான் எழுத வந்தேன். நான் நாகர்கோவில்காரி. பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரில் இருக்கும் தீவு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நின்று கற்றது இது.

இந்தத் தீவின் செல்வமே கொட்டைகள்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத் தோப்புகளைக் கொண்டுபோன பிறகும், ஒரு குடும்பத்தின் வசதியைத் தென்னையையும் கமுகையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். விருந்துக்குத் தேங்காய், பன்றிக்கும் தேங்காய். வந்தவருக்கு வெற்றிலை பாக்கு. கடற்கரையில் நாட்டுவாதுமை உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகள் கல்லால் உடைத்து உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பை எடுத்துத் தின்பார்கள். முந்திரியும் வேர்க்கடலையும் கப்பலில் வருபவை. கடலைமிட்டாயாக, மிக்சராக, பிஸ்கட்டாக, டிசம்பர் வந்தால் கேக்காக வரும். தீவுக்காரர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்த மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு பலகாரம் போய்க்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில், மேற்குக் கரை ஊர் ஒன்றிலிருந்து ஏழு வயது இருக்கக்கூடிய ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்திரி போட்ட கேக். தின்ற சில நிமிடங்களில் வாய் நமநமக்கிறது என்றிருக்கிறான். உதடு தடித்தது. பிறகு வயிற்றிலும் தொடையிலும் தட்டுத் தட்டாகத் தடிப்பு. நம் ஊரில் காணாக்கடி என்று சொல்லி வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்போமே, அதே மாதிரித் தடிப்புதான். வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான். “கேக் அதிகமாகத் தின்றுவிட்டான் சிஸ்டர், இளநீர் கொடுத்தோம், அதையும் கக்கிவிட்டான்” என்றார் பாட்டி. இங்கே வெளியாட்களோடு பேசும் மொழி இந்தி. நான் அவரை நானி என்றே கூப்பிட்டேன்.

எனக்குத் தடிப்பைப் பார்த்துப் பயம் வரவில்லை. பேரைக் கேட்டேன். பதில் கரகரத்த குரலில் வந்தது. “வழக்கமாகவே இவன் குரல் இப்படியா நானி?” என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டுப் பேரனைத் திரும்பிப் பார்த்தார். அவன் ஓயாமல் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான், எச்சிலை விழுங்காமல் துப்பினான். கை சில்லென்றிருந்தது. தூக்கி வந்தபோது திமிறிய பிள்ளை, கட்டிலில் போட்டதும் அடங்கிக் கிடந்தான். அந்த அடக்கத்தை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கும்போது பிள்ளைகள் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்.

டியூட்டி டாக்டர் கட்டிலுக்கு வருவதற்குள் சிரிஞ்சில் மருந்து ஏறியிருந்தது. பையனுக்கு 20 கிலோ எடை. அட்ரினலின் ஆம்பூலில் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும். கிலோவுக்கு 0.01 மில்லி என்றால் அவனுக்கு 0.2 மில்லி. தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில், தசைக்குள் நேராக. டாக்டர் தலையசைத்ததும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை சூடாகத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் அழுதான். அழுகை கரகரப்பில்லாமல் வந்தது. தடிப்புகள் கடைசியாகத்தான் மறைந்தன.

இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: தடிப்பைப் பார், அதோடு நிற்காதே, மூச்சைக் கேள், நாடியைத் தொடு. தோலில் மட்டும் தடிப்பும் அரிப்பும் இருந்து மற்ற எல்லாம் சரியாக இருந்தால் செடிரிசின் மாத்திரை கொடுத்துப் பக்கத்திலேயே வைத்துக் கவனிக்கலாம். அதோடு குரல் மாற்றம், விடாத இருமல், இழுப்பு, தலைசுற்றல், மயக்கம், நிற்காத வாந்தி, வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. ஏற்கெனவே முந்திரி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த ஒருவர் அதைத் தின்றபின் மூச்சு இழுத்தால், தோல் சுத்தமாக இருந்தாலும் அதுவேதான். பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் தோலில் எதுவும் தெரிவதில்லை. நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது; விரலால் தடவினால் தடிப்பு தட்டுப்படும். சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், முதுகையும் பார்க்க வேண்டும். “எப்படி இருக்கிறது” என்று கேட்டால், “ஏதோ ஆகப்போகிறது சிஸ்டர், செத்துவிடுவேன் போலிருக்கிறது” என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஒரு அறிகுறியாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

“போன தடவை தின்றானே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே” என்பது எல்லா வீட்டாரும் கேட்கும் கேள்வி. இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையே அதற்குப் பதில். 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் கடல் உயிர்களின் நஞ்சை ஆராயப் போன ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும், திரும்பி வந்து கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவு கொடுத்ததும் அரைமணி நேரத்துக்குள் செத்துப்போனது. முதல் முறையில் உடல் அந்தப் பொருளை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை பாய்கிறது. 1902-ல் அவர்கள் எழுதிய இந்தக் கண்டுபிடிப்புக்காக ரிஷேக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிப் பாக்கு. தீவுக்குப் புதிதாக வரும் அரசு ஊழியர்கள் கேஷுவாலிட்டிக்கு ஓடிவருவதற்கு முந்திரியைவிடப் பாக்குதான் அதிகக் காரணம். விருந்தில் மரியாதைக்கு நீட்டுவார்கள், சுண்ணாம்பு தாராளமாக இருக்கும். பழக்கமில்லாதவர் வாயில் போட்ட சில நிமிடங்களில் காது சூடாகும், முகம் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கண் இருளும். “பாக்கு சொக்கிவிட்டது” என்று நம் பக்கம் சொல்வது இதைத்தான். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற சத்து நரம்பின் மேல் செய்யும் வேலை அது, ஒவ்வாமை இல்லை. தடிப்பு இருக்காது, உதடு வீங்காது, வாயில் எச்சில் ஊறும். துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்க வைத்து, படுக்கவைத்தால் பெரும்பாலோருக்கு அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆனால் ஆஸ்துமா உள்ளவரை அப்படி விட முடியாது. அரிகோலின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். வீசிங் வந்தால் சால்பியூட்டமால் நெபுலைசர் போட வேண்டும். இதய நோய் உள்ளவர் நெஞ்சு அடைக்கிறது என்றால் ‘பாக்குதானே’ என்று உட்காரவைக்காமல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். பாக்கு போட்டபின் மாரடைப்பில் இறந்தவரைப் பற்றித் தைவான் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். புற்றுநோய் வேறு இருக்கிறது; 2004-ல் வெளியான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அறிக்கை பாக்கை, புகையிலை சேராத வெறும் பாக்கையே, புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்தது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே பாட்டிகளின் வாயைப் பார்த்த எவரும் அதை எழுதாமல் இருக்க முடியாது.

சூரை மீனும் ஏமாற்றும். பிடித்த மீன் வெயிலில் கிடந்து கெட்டால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், சமைத்தாலும் போகாது. அதே வேளை கடலைச் சட்னியும் தின்றிருந்தால் பழி கடலை மேல் விழும். ஒரே பானையில் சாப்பிட்ட எல்லோருக்கும் முகம் சிவந்து தலைவலி வந்தால் மீனைச் சந்தேகப்படுவேன். ஒருவருக்கு மட்டும் வந்தால் ஒவ்வாமையை.

முழுக் கடலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே கடலை மென்றது, புரையேறியது, இருமியது, பிறகு சரியாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இழுப்போடு வரும். கடலை மூச்சுக்குழாயில் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கக் குழாய் விட்டுப் பார்க்கும் வசதியுள்ள ஊருக்குப் போக வேண்டும், நடுவில் கடல். எந்த ஊசிக்கும் அது கரையாது. அடைத்த அந்த நிமிடத்தில் குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து. அதற்கு மேலே உள்ள பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பின்னால் நின்று மேல்வயிற்றில் உள்நோக்கி மேலே ஐந்து அழுத்து. அடைத்தது வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எதையும் விரல் விட்டுத் தோண்ட வேண்டாம். ஐந்து வயதுவரை கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. முடிவுகள் 2015-ல் வெளியான லண்டன் லீப் ஆய்வு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்தது. நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கித் தொடர்ந்து தின்ற குழந்தைகளிடம், ஒதுக்கி வைக்கப்பட்ட குழந்தைகளைவிட ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பயந்து எல்லா வீட்டிலும் கடலையை நிறுத்துவது சத்தையும் கெடுக்கும், ஒவ்வாமையையும் வளர்க்கும்.

திரும்பவும் அட்ரினலினுக்கு வருகிறேன். நாட்டின் பல இடங்களிலும் இன்னும் முதலில் கை போவது அவில் என்ற அரிப்பு மருந்துக்கும் டெக்சோனா என்ற ஸ்டீராய்டுக்கும்தான். தடிப்பு குறைவதைப் பார்த்து நோயாளிக்கும் நமக்கும் நிம்மதி வரும். அவில் அரிப்பைத் தணிக்கும். வீங்கிய தொண்டையைத் திறக்காது, இறங்கிய ரத்த அழுத்தத்தை ஏற்றாது. டெக்சோனா வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அட்ரினலின் ஒன்றுதான் இரண்டையும் உடனே செய்கிறது. விலையும் குறைவு. பெரியவருக்கு அரை மில்லி, ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு அரை மில்லி. தோலுக்கடியில் போடும் பழக்கமும் போக வேண்டும். கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழந்தைகளை வைத்துச் செய்து 1998-ல் வெளியிட்ட ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டது தொட 34 நிமிடம் ஆனது. அரைமணி நேர அவகாசத்தில் 34 நிமிடத்தை வைத்து என்ன செய்வது? வெளிநாட்டில் பேனா வடிவ ஊசி வைத்திருக்கிறார்கள். நம் மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைக்காததால் ஆம்பூலும் சிரிஞ்சும்தான் நமக்குத் துணை. ஆம்பூலை வெளிச்சமும் வெக்கையும் படாமல் வைக்க வேண்டும். பழுப்பு நிறம் ஏறியிருந்தால் எறிந்துவிட வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது நான் மற்றதை எண்ணுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன்.

ஊசிக்கு அடுத்தது படுக்கை. மயக்கம் வருகிறவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்த்து உட்காரவைக்கலாம், கால் நீட்டியபடி. கர்ப்பிணியென்றால் இடப்பக்கம் ஒருக்களித்து. எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. பம்ஃப்ரி 2003-ல் எழுதிய இன்னொரு கட்டுரை இதைப் பற்றியது: படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்த, நின்ற நொடியில் இறந்துபோன சம்பவங்கள். காலில் தங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் போகிறது. ஊசி போட்டதும் தெளிந்த ஆண்கள் “பாத்ரூம் போய்விட்டு வருகிறேன்” என்று எழுவார்கள். எவ்வளவு கூச்சப்பட்டாலும் பெட்பேன்தான் என்று நான் கறாராக நிற்பேன்.

அறிகுறிகள் அடங்கினாலும் உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, மறுபடி எதுவும் தின்னாமலே, திரும்பி வரும். வார்டில் வைத்திருக்கக் காரணம் சொல்ல இந்தத் தீவில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. முதல் அலை வடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது என்பதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பையனையும் இரவு முழுக்க வைத்திருந்தோம்.

மறுநாள் அவன் அம்மா கேட்ட கேள்வி, “தேங்காயும் கூடாதா?” என்பது. மூன்று வேளையும் தேங்காய் தின்னும் வீட்டுப் பிள்ளை. கொட்டை என்ற பெயரை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? தேங்காய் ஒவ்வாமை மிக அரிது. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் ஒவ்வாமை எச்சரிக்கைக்குரிய மரக்கொட்டைகளின் பட்டியலிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டது. வேர்க்கடலை பருப்பு இனம். முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு அது ஒன்றும் செய்யாது. ஆனால் முந்திரிக்குப் பிஸ்தா நெருங்கிய உறவு, இரண்டையும் சேர்த்தே தவிர்க்க வேண்டும். இதுவரை சிக்கலின்றித் தின்றுவந்த எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. சந்தேகமுள்ளவற்றுக்குப் பெரிய ஊரில் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர்.

அம்மாவிடம் சொன்னால் மட்டும் போதாது என்பது இங்கே வந்தபின்தான் புரிந்தது. நிக்கோபாரில் பிள்ளை ஒரு வீட்டுப் பிள்ளை இல்லை, துஹெத் என்ற பெருங்குடும்பத்தின் பிள்ளை. எந்த அடுப்படியிலும் உட்கார்ந்து தின்பான். பாட்டியிடமும் பெரியம்மாக்களிடமும் சொல்லி, ஊர்த் தலைவரான கேப்டனிடமும் சொன்னோம். சீட்டு ஒன்று எழுதினோம்: ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் ரோமன் எழுத்தில் நிக்கோபாரி. பிஷப் ரிச்சர்ட்சன் வேதாகமத்தை அந்த எழுத்தில்தான் அச்சேற்றினார் என்பதால் கிழவிகளும் படித்துவிடுவார்கள். பாக்கெட் உணவில் வேர்க்கடலையும் மரக்கொட்டையும் இருந்தால் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. அந்த வரி எங்கே இருக்கும் என்று ஒரு பிஸ்கட் உறையில் தொட்டுக் காட்டினேன். பொட்டலத்தில் கட்டித் தரும் மிக்சருக்கு அந்தக் காவல் இல்லை, அதைத் தொடவே வேண்டாம் என்றேன்.

இன்னும் ஒரு கதவு திறக்க வேண்டியிருக்கிறது. தடுப்பூசி நாளில் ஏ.என்.எம். கையில் அட்ரினலின் கிட் இருக்கிறது. ஊசிக்குப் பின் குழந்தைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று சந்தேகம் வந்தால், டாக்டருக்குக் காத்திராமல் ஒரு டோஸ் தொடைத் தசையில் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப அரசே அவர்களைப் பழக்கியிருக்கிறது. வயதுக்கேற்ற அளவும் அட்டையில் இருக்கிறது. அதே அனுமதி முந்திரிக்கும் கடலைக்கும் குளவிக்கும் எழுத்தில் வர வேண்டும், கிட் எல்லா நாளும் ஊரில் இருக்க வேண்டும். உடலுக்குள் நடப்பது ஒன்றேதான். தடுப்பூசியால் வந்தால் காப்பாற்றலாம், கேக்கால் வந்தால் ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

பயிற்சி நாளில் ஒரு நிக்கோபாரி ஏ.என்.எம். தயங்கிக் கேட்டாள்: “போட்டபிறகு அது ஒவ்வாமை இல்லையென்று தெரிந்தால், சிஸ்டர்?” கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வெளிறும், தசையில் சரியான அளவு போட்டிருந்தால் சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்றேன். போடத் தாமதித்தால் என்ன ஆகும் என்பது அவளுக்கே தெரியும். அடுத்து, எந்த ரெஜிஸ்டரில் எழுதுவது என்று கேட்டாள். ரெஜிஸ்டர் பிறகு இருக்கட்டும், முதலில் நோயாளியின் முன்கையிலேயே பேனாவால் எழுது என்றேன்: மணி, அளவு, எந்தத் தொடை. ஜீப்பில் கூட வருகிறவர் பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். கையில் இருப்பதைப் பார்த்துத்தான் அடுத்த அரை மில்லி எப்போது என்று நாங்கள் முடிவு செய்வோம்.